20,000 ரூபாய்க்குள்ள நல்ல பழைய லேப்டாப் வாங்குறது எப்படி? விலையைப் பார்க்காதீங்க, மாசக் கணக்கைப் பாருங்க!



வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆன பலர் கேட்கிற கேள்வி இது: "கையில 20,000 ரூபாய்தான் இருக்கு. புது லேப்டாப் வாங்க முடியாது. பழசு வாங்கலாமா? வாங்கினா ஏமாந்துடுவேனா?"

நேரடியா பதில் சொல்றேன். வாங்கலாம். ஆனா கடையில ஒட்டியிருக்கிற விலை உண்மையான விலை கிடையாது. அந்த லேப்டாப் உங்ககிட்ட எத்தனை மாசம் ஒழுங்கா வேலை செய்யும், அதுக்குள்ள இன்னும் எவ்வளவு செலவு வைக்கும், இந்த ரெண்டும் தெரிஞ்சாதான் உண்மையான விலை தெரியும். இந்தக் கணக்கையும், கடையில நின்னுக்கிட்டே 20 நிமிஷத்துல செய்ய வேண்டிய சோதனைகளையும் இந்தப் பதிவுல பார்த்துடலாம்.

முதல்ல கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். வில்லியனூர் பக்கத்துல உறுவையாறுல வீடு. தினமும் பஸ் பிடிச்சு திருபுவனையில ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போறாரு. கைக்கு வர்ற சம்பளம் 19,000 ரூபாய். சாயந்திரம் வீட்டுக்கு வந்து டேலியும் அட்வான்ஸ்டு எக்ஸெலும் கத்துக்கிட்டு, அக்கவுண்ட்ஸ் வேலைக்கு மாறணும்னு ஆசை. மொபைல்ல கிளாஸ் பார்க்கலாம், ஆனா பழக முடியாது. அதனால லேப்டாப் இவருக்கு ஆடம்பரம் இல்லை. அடுத்த சம்பள உயர்வே இதை நம்பித்தான் இருக்கு.

இவர் முன்னாடி மூணு வழி இருக்குன்னு வெச்சுக்குவோம். விலை எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பண்ணிக்கோங்க.

1. ரொம்ப மலிவு: 11,000 ரூபாய்க்கு ஆறாம் தலைமுறை ஐ5, பழைய ஹார்ட் டிஸ்க். வாங்கின கையோட எஸ்எஸ்டி மாத்த 2,000, பேட்டரிக்கு 2,500. மொத்தம் 15,500. ஒன்றரை வருஷம் ஓடினா, 18 மாசம். மாசத்துக்கு 861 ரூபாய்.

2. நடுத்தரம்: 17,000 ரூபாய்க்கு எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பேட்டரிக்கும் சில்லறை ரிப்பேருக்கும் 3,000 தனியா எடுத்து வெச்சுக்கோங்க. மொத்தம் 20,000. மூணு வருஷம் ஓடினா, 36 மாசம். மாசத்துக்கு 556 ரூபாய்.

3. புதுசு: 36,000 ரூபாய். அஞ்சு வருஷம் ஓடினா, 60 மாசம். மாசத்துக்கு 600 ரூபாய்.

பார்த்தீங்களா? விலை கம்மியா இருக்கிற லேப்டாப்தான் மாசக் கணக்குல அதிகச் செலவு வைக்குது. புதுசுக்கும் நடுத்தரத்துக்கும் மாசத்துக்கு 44 ரூபாய்தான் வித்தியாசம். அப்போ புதுசே வாங்கிடலாமேன்னு தோணும். 36,000 கையில இருந்து, அவசரத்துக்கு வெச்சிருக்கிற பணத்தைத் தொடாம வாங்க முடியும்னா, தாராளமா வாங்குங்க. தப்பே இல்லை. ஆனா 19,000 சம்பளத்துல 36,000ங்கிறது கிட்டத்தட்ட ரெண்டு மாசச் சம்பளம். அதைக் கடன் வாங்கித்தான் போடணும்னா கணக்கு மொத்தமா மாறிடும்.

இன்னொரு பக்கம், 25,000க்குப் புதுசா கிடைக்குதேன்னு செலரான் பிராசஸர், 64 ஜிபி ஸ்டோரேஜ் இருக்கிற மாடலுக்குப் போயிடாதீங்க. புது டப்பாவுல வரும், வாரண்டியும் இருக்கும். ஆனா நல்ல நிலையில இருக்கிற ஒரு பழைய ஐ5 அதைவிட வேகமா வேலை செய்யும்.

நல்ல பழைய லேப்டாப் எங்கிருந்து வருது?

நம்ம நாட்டுல 2013 கம்பெனிகள் சட்டத்தோட இரண்டாம் அட்டவணையில, லேப்டாப், டெஸ்க்டாப் மாதிரி பொருளுக்கு ஆயுள் 3 வருஷம்னு போட்டிருக்கு. அதாவது கணக்குப் புத்தகத்துல அந்த லேப்டாப்போட மதிப்பு மூணு வருஷத்துல கிட்டத்தட்டத் தீர்ந்துடும். அதனால பெரிய கம்பெனிகள் மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா மாத்திடுவாங்க. லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, கணக்குல மட்டும்தான் வயசாகியிருக்கும். அப்படி நூத்துக்கணக்குல வெளியே வர்றதை வாங்கி, துடைச்சு, சோதிச்சு, கெட்டுப்போன பாகத்தை மாத்தி விக்கிறதுதான் ரீஃபர்பிஷ்டு. எதுவும் செய்யாம அப்படியே கை மாறினா அது வெறும் செகண்ட் ஹேண்ட்.

கம்பெனியில இருந்து வர்றது பெரும்பாலும் லெனோவா திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக் வரிசைகள். கடையில சாதாரண வாடிக்கையாளருக்கு விக்கிற மாடலைவிட இதெல்லாம் உறுதியா செஞ்சிருப்பாங்க. உதிரி பாகம் சுலபமா கிடைக்கும், ரேமும் எஸ்எஸ்டியும் பல மாடல்கள்ல மாத்திக்கலாம். நம்ம பட்ஜெட்டுக்குத் தேட வேண்டிய பேர்கள்: திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 5490 அல்லது 7490, எலைட்புக் 840 ஜி5. இது எல்லாமே 2018ல வந்த மாடல்கள், பெரும்பாலும் எட்டாம் தலைமுறை. டி480ல கூடுதல் வசதி ஒண்ணு இருக்கு. பின்பக்கப் பேட்டரியை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே கழட்டி மாத்தலாம்.

"ஏ கிரேடு", "பி கிரேடு"ன்னு கடையில சொல்வாங்க. அது பெரும்பாலும் வெளியே இருக்கிற கீறலைப் பத்தினது. உள்ளே இருக்கிற பேட்டரியைப் பத்தி அது எதுவும் சொல்லாது.

ஏன் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துட்டு இருந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்னைக்கு முடிஞ்சது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் வேணும். இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறையில இருந்துதான் அனுமதி. ஏஎம்டி ரைசன்னா 3000 வரிசையில இருந்து பார்த்தா குழப்பம் இல்லை.

ஆறாம் தலைமுறை லேப்டாப்ல விண்டோஸ் 11 போட்டு ஓட்டியே காட்டுவாங்க. அதை நம்பிடாதீங்க. தகுதி இல்லாத மெஷின்ல குறுக்கு வழியில போட முடியும், ஆனா அதுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தர்றதில்லை. நீங்க நெட்பேங்கிங் பண்ணப் போற மெஷின் இது. சந்தேகம்னா, மைக்ரோசாஃப்டோட பிசி ஹெல்த் செக்ங்கிற இலவச ஆப்பைப் போட்டுப் பாருங்க. தகுதி இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிடும்.

தலைமுறையைக் கண்டுபிடிக்கிறது சுலபம். பிராசஸர் பேர்ல சின்ன கோட்டுக்கு அப்புறம் வர்ற எண்ணைப் பாருங்க. ஐ5-8250யூன்னா எட்டு. ஐ5-6300யூன்னா ஆறு. ஐ5-10210யூன்னா பத்து. ஐ5-1135ஜி7ன்னா பதினொண்ணு.

"ஐ7 சார், ஐ5ஐ விட பெருசு"ங்கிற பேச்சுக்கும் மயங்காதீங்க. நாலாம் தலைமுறை ஐ7-4600யூல ரெண்டு கோர்தான். எட்டாம் தலைமுறை ஐ5-8250யூல நாலு கோர். ஸ்டிக்கர்ல இருக்கிற 7ஐ விட, பேர்ல இருக்கிற 8தான் முக்கியம்.

கடையில செய்ய வேண்டிய 20 நிமிஷச் சோதனை

ஒரு பென் டிரைவ், இயர்போன், மொபைல் ஹாட்ஸ்பாட். இந்த மூணும் கையில இருந்தா போதும். சோதிக்க விடமாட்டேன்னு சொல்ற கடையில இருந்து நன்றி சொல்லிட்டு வெளியே வந்துடுங்க.

1. பேட்டரி. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுங்க. டைப் பண்ண வேண்டிய கமாண்டை வீடியோல திரையில காட்டியிருக்கோம். அந்த ரிப்போர்ட்ல ரெண்டு எண் வரும்: புதுசா இருந்தப்போ இருந்த கொள்ளளவு, இப்போ முழுசா சார்ஜ் பண்ணினா நிக்கிற கொள்ளளவு. முதல் எண் 50,000, ரெண்டாவது 31,000ன்னா பேட்டரி 62 சதவீதம். 70க்கு மேலன்னா நல்லது. 60க்குக் கீழேன்னா பேட்டரி விலையைக் கழிச்சுப் பேசுங்க. கிராமத்துல கரண்ட் போனா பாதி கிளாஸ்ல லேப்டாப்பும் அணையக் கூடாது இல்லையா?

2. எஸ்எஸ்டி. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற இலவச சாஃப்ட்வேரைப் பென் டிரைவ்ல கொண்டுபோங்க. ஆரோக்கியம் எத்தனை சதவீதம், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டும். எச்சரிக்கை நிறத்துல வந்தா வேணாம்.

3. ரேம். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபாமன்ஸ் பக்கம் போய் மெமரியைப் பாருங்க. எத்தனை ஜிபி, எத்தனை ஸ்லாட் காலியா இருக்குன்னு தெரியும். 8 ஜிபி கட்டாயம். 2025 கடைசியில இருந்து ரேம் விலை நல்லா ஏறியிருக்கு. அதனால "இப்போ 4 ஜிபி வாங்கிட்டு அப்புறம் ஏத்திக்கலாம்"ங்கிற யோசனை செலவைத்தான் கூட்டும்.

4. சீரியல் நம்பர். அடியில இருக்கிற ஸ்டிக்கர்லயும் பயாஸ்லயும் ஒரே நம்பர் இருக்கணும். அதை டெல், ஹெச்பி, லெனோவா வெப்சைட்ல போட்டா மாடலும் வாரண்டி முடிஞ்ச தேதியும் வரும். வயசு தெரிஞ்சிடும். ரெண்டு நம்பரும் வேறன்னா மதர்போர்டு மாறியிருக்கலாம்.

5. பூட்டு. இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. பயாஸ் உள்ளே போகும்போது பாஸ்வேர்டு கேட்டா வாங்காதீங்க. அடுத்து, விண்டோஸை ரீசெட் பண்ணி, உங்க ஹாட்ஸ்பாட்ல கனெக்ட் பண்ணி, முதல்ல இருந்து செட்டப் பண்ணச் சொல்லுங்க. அப்போ ஏதாவது கம்பெனி பேர் வந்து அலுவலக ஐடி கேட்டா, பழைய கம்பெனி அந்த மெஷினைத் தன் கணக்குல இருந்து இன்னும் விடுவிக்கலைன்னு அர்த்தம். எவ்வளவு விலை குறைச்சாலும் வேணாம். ரீசெட்டுக்கு நேரம் ஆகும், அதனால இதை ஆரம்பிச்சு விட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. பழைய மேக்புக்னா ஆக்டிவேஷன் லாக்கும் இதே மாதிரிதான்.

6. விண்டோஸ் லைசென்ஸ். செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்க. டிஜிட்டல் லைசென்ஸ்னு இருந்தா சரி. "உங்க நிறுவனத்தோட ஆக்டிவேஷன் சர்வீஸ்" மூலமா ஆக்டிவேட் ஆகியிருக்குன்னு வந்தா, கடையில கிராக் பண்ணிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

7. கை வெச்சுப் பார்க்கிறது. எல்லா கீயையும் தட்டுங்க. எல்லா யுஎஸ்பி போர்ட்டுலயும் பென் டிரைவைச் சொருகுங்க. கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை பாருங்க. வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்து கறை, கோடு, புள்ளி தேடுங்க. மூடித் திறக்கும்போது கீல் ஆடுதா? பத்து நிமிஷம் ஃபுல் ஹெச்டி வீடியோ ஓட விட்டு, அடிப்பக்கம் கை வைக்க முடியாத அளவு சூடாகுதான்னு பாருங்க.

எங்கே வாங்கலாம்? ரிச்சி ஸ்ட்ரீட்டா, உள்ளூரா, ஆன்லைனா?

பழைய லேப்டாப்னாலே எல்லாரும் கை காட்டுறது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்தான். அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டை பக்கத்துல இருக்கு. கடைக்குக் கடை விலை கேட்டு, பேசி வாங்கலாம். ஆனா ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நமக்கு லீவு அன்னைக்குத்தான். அதனால ஒரு நாள் லீவு போடணும்.

நம்ம உறுவையாறு நண்பரோட கணக்கைப் போடுவோம். 19,000 சம்பளத்தை 26 நாளால வகுத்தா ஒரு நாள் சம்பளம் 731 ரூபாய். புதுச்சேரியில இருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். போக வர பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 700ன்னு வெச்சுக்குவோம். ஒரு தடவை போய் வர 1,431 ரூபாய். ரிச்சி ஸ்ட்ரீட்ல 2,000 ரூபாய் கம்மியா வாங்கினாலும், ஒரே ஒரு தடவை வாரண்டிக்குத் திரும்பிப் போனா மொத்தம் 2,862. மிச்சம் பிடிச்சதுக்கு மேல 862 ரூபாய் செலவு! வில்லியனூர்லயோ புதுச்சேரி டவுன்லயோ இருக்கிற கடையில 1,500 கூட சொன்னாலும், சாயந்திரம் வேலை முடிஞ்சு போய்க் காட்டிட்டு வரலாம். அந்த வசதியோட விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும். நீங்க சென்னையிலயே வேலை பார்க்கிறவர்னா, தாராளமா ரிச்சி ஸ்ட்ரீட் போங்க.

ஆன்லைன்ல அமேசான் ரினியூட் மாதிரி இடத்துல வாங்கினா, விலைக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க: எத்தனை நாளுக்குள்ள திருப்பித் தரலாம், உங்க பின்கோடுக்கு வந்து திரும்ப எடுத்துட்டுப் போவாங்களா. பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுத்துட்டு, மேல சொன்ன ஏழு சோதனையையும் அன்னைக்கே முடிச்சிடுங்க.

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல தனி ஆள்கிட்ட வாங்கினா விலை இன்னும் குறையும், பொறுப்பு முழுக்க உங்க தலையில. அட்வான்ஸ் அனுப்பாதீங்க. நேர்ல, பொது இடத்துல பாருங்க. பழைய ஒரிஜினல் பில்லைக் கேளுங்க. "மிலிட்டரியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர், அவசரமா விக்கிறேன்"னு ஆரம்பிக்கிற மெசேஜ் ரொம்பப் பழைய மோசடி. அட்வான்ஸைத் திருப்பி அனுப்புறேன்னு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்வாங்க. பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை, பின் போட்டா உங்க பணம் போகுதுன்னு அர்த்தம். பணம் போயிடுச்சுன்னா உடனே 1930க்குப் போன் பண்ணுங்க.

நம்ப முடியாத விலைக்கு வந்தா இன்னொரு பயமும் இருக்கு. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினா, பாரதிய நியாய சன்ஹிதா 317வது பிரிவுப்படி குற்றம். 3 வருஷம் வரைக்கும் சிறைத் தண்டனை இருக்கு. மொபைலுக்கு ஐஎம்இஐ நம்பரை வெச்சுத் தேட அரசாங்கத்தோட தளம் இருக்கு. அந்தத் தளத்துல லேப்டாப்பைத் தேட முடியாது. பில் ஒண்ணுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

பில் இல்லாத வாரண்டி வெறும் பேச்சு

"ஒண்ணுன்னா வாங்க தம்பி, பார்த்துக்கலாம்"ங்கிறது வாரண்டி இல்லை. பில்லுல இருக்க வேண்டியது: கடை பேர், ஜிஎஸ்டி நம்பர், மாடல், சீரியல் நம்பர், வாரண்டி எத்தனை மாசம், அதுல மதர்போர்டு, திரை, பேட்டரி, சார்ஜர் எதெல்லாம் அடங்கும். பேட்டரிக்குத் தனியா, குறைவான காலம் போடுவாங்க. அதையும் எழுத்துல வாங்குங்க. பணத்தைக் கடையோட கணக்குக்கே யுபிஐல அனுப்புங்க, அதுவும் ஒரு சாட்சி.

கடை கைவிரிச்சா சும்மா விட வேணாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுலயும் தீரலைன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம். கடை சென்னையில இருந்தாலும் புதுச்சேரியில போடலாம். பொருளுக்கு நீங்க கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது. ஆனா இதெல்லாம் வியாபாரிகிட்ட வாங்கினாத்தான். தனி ஆள்கிட்ட வாங்கினதுக்கு இந்த வழி கிடைக்காது. விலை வித்தியாசத்தைப் பார்க்கும்போது இதையும் மனசுல வெச்சுக்கோங்க.

பணத்துக்கு என்ன வழி?

17,000 ரூபாயை கிரெடிட் கார்டுல தேய்ச்சிட்டு மினிமம் டியூ மட்டும் கட்டினா என்ன ஆகும்? மாசம் 3.5 சதவீதம் வட்டின்னா முதல் மாச வட்டி 595 ரூபாய். அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 702. லேப்டாப்போட மாசக் கணக்கே 556தான். அதைவிட வட்டி அதிகம்! லோன் ஆப் பக்கம் போகவே வேணாம்.

நோ காஸ்ட் இஎம்ஐயும் முழுக்க இலவசம் இல்லை. ப்ராசஸிங் கட்டணம், வட்டி மேல ஜிஎஸ்டின்னு சின்னச் சின்னதா ஏறும். மொத்தம் எவ்வளவு கட்டப் போறீங்கன்னு கேட்டு, ரொக்க விலையோட ஒப்பிடுங்க.

அவசரம் இல்லைன்னா ரொம்ப எளிமையான வழி: பேங்க்ல 6 மாச ஆர்.டி. ஒண்ணு ஆரம்பிச்சு மாசம் 3,300 போடுங்க. 6 மாசத்துல 19,800, மேல கொஞ்சம் வட்டி. 3,300 முடியலைன்னா 2,200 வீதம் 9 மாசம். அதுவரைக்கும் பக்கத்து ஊர் நூலகத்துலயோ நண்பர் வீட்டுலயோ கம்ப்யூட்டர் கிடைச்சா பழகிட்டு இருங்க. வாங்குற நாள்ல மொத்தத்தையும் கடையில கொடுத்துடாதீங்க. 17,000க்கு லேப்டாப், 3,000 கணக்குல. அடுத்த வருஷம் பேட்டரி படுத்தா, யார்கிட்டயும் கை நீட்டாம மாத்திக்கலாம்.

சுருக்கமா

- எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இதுக்குக் கீழே போக வேணாம்.
- விலையோட ரிப்பேர் செலவையும் கூட்டி, மாசத்தால வகுங்க.
- பேட்டரி ரிப்போர்ட், ரீசெட், சீரியல் நம்பர். இந்த மூணும் பார்க்காம பணம் கொடுக்காதீங்க.
- திரும்பப் போய் வர்ற செலவும் விலையில ஒரு பங்கு.
- எழுத்துல இல்லாத வாரண்டி, வாரண்டியே இல்லை.
- கடன் வாங்கித்தான் வாங்கணும்னா, ஆறு மாசம் தள்ளிப் போடுங்க.

பேட்டரி ரிப்போர்ட் எடுக்கிறது, பயாஸ் பார்க்கிறது, செட்டப்ல கம்பெனி பூட்டைக் கண்டுபிடிக்கிறது, மூணையும் வீடியோல ஒவ்வொரு படியா செஞ்சு காட்டியிருக்கோம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க. லேப்டாப் வாங்கப் போற நண்பருக்கும் இதை அனுப்பி வைங்க.